72 மணி நேரம், 6 வாரம், 3 மாதம்... பாலியல் வன்கொடுமைக்குப் பிறகான 'டெஸ்ட்' பயத்தை எப்படிக் கடப்பது?

2025 மே 13. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அடுத்த மூன்று வாரத்துக்குள், ஜூன் 2-ம் தேதி, அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 வருடம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. இரண்டு நாளும் நம் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அதுதான் ஓடியது. 'நீதி கிடைச்சிருச்சு' என்று ஷேர் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஆனால், இப்படி ஒரு கொடுமைக்கு ஆளானவருக்கு போலீஸ், கோர்ட்டுக்கெல்லாம் முன்னாடியே வேறொரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 'எனக்கு ஏதாவது தொத்து வந்திருக்குமோ? எப்போ டெஸ்ட் எடுக்கணும்? எங்க போகணும்? யார்கிட்ட கேக்குறது?' ராத்திரி இரண்டு மணிக்கு, போர்வைக்குள், பிரைட்னஸைக் குறைத்துவைத்துக்கொண்டு கூகுளில் தேடுகிற கேள்விகள் இவை.

மேலே சொன்ன வழக்குகளில் அந்தப் பெண்களின் மருத்துவ விவரம் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. பதிவாகாதவை தனி. இத்தனை பேரில் பலரும் அந்த ராத்திரி இரண்டு மணியைக் கடந்துதான் வந்திருப்பார்கள். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதனால், தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் தெரியாமல் போகின்றன. பயம் பெரிதாவதே அங்கேதான்.

தீர்ப்புக்கு ஆறு வருஷம், மருந்துக்கு மூணே நாள்

பொள்ளாச்சி விவகாரம் வெளியே தெரிந்தது 2019 பிப்ரவரியில். தீர்ப்பு வர ஆறு வருடங்களுக்கு மேல் ஆனது. சட்டம் காத்திருக்கும். எச்.ஐ.வி தடுப்பு மருந்து காத்திருக்காது. அதற்கு 72 மணி நேரம்தான் கெடு.

இந்த மருந்துக்குப் பெயர் 'பெப்'. தொற்றுக்கு வாய்ப்புள்ள ஒரு சம்பவம் நடந்த பிறகு, வைரஸ் உடம்பில் வேர்விடுவதற்குள் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என மூன்று மருந்துகள் சேர்ந்தது. தினமும் ஒரு வேளை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பது கடைசி எல்லை. முதல் சில மணி நேரத்திலேயே ஆரம்பித்தால் பலன் அதிகம். அதனால் 'நாளைக்கு யோசிக்கலாம்' என்று தள்ளாதீர்கள். குளித்துவிட்டீர்களா, துணியை மாற்றிவிட்டீர்களா, பரவாயில்லை, போங்கள்.

அதே நாளில் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கொனோரியா, கிளமிடியா மாதிரியான பால்வினைத் தொற்றுகளுக்கு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கர்ப்பத் தடுப்புக்கு அவசரகால மாத்திரை உண்டு. அதையும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இது கிடைப்பதில்லை என்பது பல வருடப் புகார். எனவே கடை கடையாக அலையாமல் ஆஸ்பத்திரியிலேயே கேட்பது நல்லது.

அடுத்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இது நாடு முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் போடப்பட ஆரம்பித்தது 2011-ம் ஆண்டு வாக்கில்தான். இப்போது காலேஜிலோ வேலையிலோ இருக்கிற நம்மில் பலர் இதைப் போடாமலே வளர்ந்திருப்போம். போட்ட ஞாபகமோ சீட்டோ இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

'கம்ப்ளெயின்ட் கொடுத்தாதான் வைத்தியமா?'

பலர் ஆஸ்பத்திரி வாசலிலேயே திரும்பிவிடுவதற்கு இந்தக் கேள்விதான் காரணம். நேரடியான பதில்: இல்லை.

2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, 2013-ல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. அரசு மருத்துவமனையோ, தனியார் மருத்துவமனையோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாக சிகிச்சை தர வேண்டும் என்று அப்போது சட்டமானது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 397-வது பிரிவு. சிகிச்சை தர மறுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பலருக்குத் தயக்கம் வருவது இங்கேதான். மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன. 18 வயதைக் கடந்தவர் 'எனக்கு இப்போ புகார் கொடுக்க விருப்பமில்லை' என்று சொன்னால், அதைப் பதிவுசெய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால், போக்சோ சட்டப்படி போலீஸுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அங்கேயும் சிகிச்சை முதலில், காகிதங்கள் பிறகு.

அந்த வழிகாட்டுதல்கள் ஆண்கள், திருநர்கள் என எல்லோருக்கும் பொருந்தும். புதிய சட்டத்தில் பழைய 377-வது பிரிவு இல்லை. அதனால் வன்கொடுமைக்கு ஆளான ஆண்களும் திருநங்கையரும் புகார் கொடுக்கப் போனால் எந்தப் பிரிவில் பதிவது என்ற சிக்கல் இருக்கிறது. அது தீர்க்கப்பட வேண்டிய பிரச்னை. ஆனால் அதைக் காரணம் காட்டி மருந்தை மறுக்க முடியாது. செய்தவர் காதலரோ கணவரோ என்றாலும், மருந்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றுதான்.

'வெளிய தெரிஞ்சிட்டா?'

இந்தப் பயம் கற்பனை இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகார் பதிவானதும், அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. நீதிமன்றம் செய்தது சரி. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த, வெளியே சொல்லாத இன்னொரு பெண்ணின் மனதில் என்ன ஓடியிருக்கும்? 'எஃப்.ஐ.ஆரே லீக் ஆகுதுன்னா, என் பிளட் டெஸ்ட் ரிசல்ட் ஆகாதா?'

அவருக்குச் சொல்ல வேண்டியது இது. 2018-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி டெஸ்ட் எடுக்கக் கூடாது. உங்கள் ரிசல்ட்டை உங்கள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டு பார்த்திருப்பீர்கள். இலவசமாக எச்.ஐ.வி பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கிற இடம் அது. டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் கவுன்சலர் உங்களிடம் தனியாகப் பேசுவார். வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு சொல்கிறது.

'இரண்டு விரல் பரிசோதனை செய்வாங்களா?' என்ற பயமும் பலருக்கு உண்டு. அப்படிச் செய்கிறவர்கள் தவறிழைத்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடல் பரிசோதனையில் எந்தக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

ஏன் இவ்வளவு நாள் காத்திருக்கணும்?

முதல் நாளே ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அதில் 'நெகட்டிவ்' என்று வந்தால், சம்பவத்துக்கு முன்பு உங்களுக்குத் தொற்று இல்லை என்றுதான் அர்த்தம். சம்பவத்தால் ஏதாவது வந்ததா என்பதை அந்த டெஸ்ட் சொல்லாது. இது தெரியாமல் சிலர் 'நெகட்டிவ், நிம்மதி' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து.

கிருமி உள்ளே வந்தாலும், டெஸ்ட்டில் தெரிகிற அளவுக்கு அது பெருகவோ, நம் உடம்பு அதற்கு எதிர்ப்பு சக்தியை உருவாக்கவோ சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளிக்குப் பெயர்தான் 'விண்டோ பீரியட்'. ஒவ்வொரு தொற்றுக்கும் இது வேறு வேறு. லேபில் எடுக்கும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி டெஸ்ட் 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். விரலில் குத்தி எடுக்கும் ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு 90 நாள் வரை ஆகலாம். சிபிலிஸ் வெளிப்பட 10 முதல் 90 நாள்.

ஒரு கணக்குக்காக, சம்பவம் நடந்தது மார்ச் 1-ம் தேதி என்று வெச்சுக்குவோம். அந்தக் கேலண்டர் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

மார்ச் 1 முதல் 4 வரை: ஆஸ்பத்திரி, முதல் ரத்தப் பரிசோதனை, பெப் ஆரம்பம், முன்கூட்டிய ஆன்டிபயாடிக், ஹெபடைடிஸ் பி முதல் ஊசி.

மார்ச் 28: முதல் நாளே ஆரம்பித்திருந்தால், பெப் மாத்திரை முடிகிற நாள்.

ஏப்ரல் 1: ஹெபடைடிஸ் பி இரண்டாவது ஊசி.

ஏப்ரல் 12: ஆறு வாரம் முடிகிறது. எச்.ஐ.வி, சிபிலிஸ் டெஸ்ட்.

ஜூன் 1: மூன்று மாதம். மீண்டும் டெஸ்ட். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய நிம்மதி கிடைக்கிற நாள் இது.

செப்டம்பர் 1: ஆறு மாதம். மூன்றாவது ஊசி. டாக்டர் சொன்னால் கடைசியாக ஒரு டெஸ்ட்.

உங்கள் தேதிகளை டாக்டர் கொஞ்சம் மாற்றலாம். ஆனால் தேதிகள் கையில் இருப்பது முக்கியம். 'எப்போ தெரியும்?' என்பதற்குப் பதில் இருந்தால், தினமும் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

மனசு போடுகிற கணக்கு

காத்திருக்கும் நாள்களில் உடம்பில் எது நடந்தாலும் அது அறிகுறியாகவே தெரியும். லேசாகத் தலைவலித்தால், நாக்கு வெள்ளையாக இருந்தால், கையில் ஒரு கொசுக்கடி தடித்தால், 'அதுதானோ?' பெப் மாத்திரைக்கே சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரும். பயமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் இதெல்லாம் இன்னும் கூடும். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி இருக்கிறதா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. டெஸ்ட் மட்டும்தான் சொல்லும்.

எண்களையும் தெரிந்துகொள்வோம். இந்தியாவில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் சுமார் 0.2 சதவிகிதம். தொற்று உள்ள ஒருவரிடமிருந்தே, பாதுகாப்பில்லாத ஒரு யோனிவழி உறவில் பெண்ணுக்குப் பரவும் வாய்ப்பு 10,000-க்குச் சுமார் 8. ஆசனவாய் வழி என்றால் சுமார் 138. காயம் இருந்தால் இது கூடும் என்பதால்தான் பெப் அவசியம். ஆனால் 'கண்டிப்பா எனக்கு வந்திருக்கும்' என்று மனசு போடுகிற கணக்குக்கும் இந்த எண்களுக்கும் ரொம்ப தூரம்.

மனசு ஏன் அப்படிக் கணக்குப் போடுகிறது? இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். அதற்குப் பிறகு இரண்டு தலைமுறை அந்த நோயைப் பயத்தோடுதான் தெரிந்துகொண்டது. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் ஊரெல்லாம் பேசப்பட்டதை உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள். விழிப்புணர்வு வந்தது உண்மை. கூடவே 'தப்பு பண்ணவங்களுக்கு வர்ற நோய்' என்ற எண்ணமும் நம் ஊரில் தங்கிவிட்டது. அதனால்தான் எந்தத் தப்பும் செய்யாத ஒருவர்கூட டெஸ்ட் வரிசையில் நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். குனிய வேண்டியவர் அந்த வரிசையிலேயே இல்லை.

காத்திருக்கும் நாள்களை எப்படிக் கடப்பது?

தேதிகளை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அக்கா, தோழி, கவுன்சலர் என நம்பிக்கையான ஒரே ஒருவர் போதும். 'ஏப்ரல் 12 எனக்குக் கூட வரணும்' என்று சொல்லிவையுங்கள். எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் டெஸ்ட் எடுக்காதீர்கள். வாரம் ஒரு லேப் என்று ஓடினால் ஒரு நாள் நிம்மதி கிடைக்கும், மறுநாள் சந்தேகம் திரும்ப வரும். அந்த ரிசல்ட்டால் முடிவும் தெரியாது, பணம்தான் போகும்.

கூகுளுக்கு நேரம் குறியுங்கள். சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை டாக்டரிடமோ 1097-லோ கேளுங்கள். ராத்திரியில் தேட வேண்டாம்.

மாத்திரைக்கு அலாரம் வையுங்கள். சாப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அசிடிட்டி மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அவற்றை வேறு நேரத்துக்கு மாற்றுவார்கள். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தட்டையும் சோப்பையும் தனியாக எடுத்து வைக்காதீர்கள். வீட்டுக் குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறவர்கள் உண்டு. ஒன்றாகச் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி பரவாது. கடைசி டெஸ்ட் வரை ஆணுறை இல்லாத உறவையும் ரத்ததானத்தையும் தவிர்த்தால் போதும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிசல்ட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். போனில் பி.டி.எஃப் வந்தாலும், கூட ஒருவர் இருக்கும் நேரத்தில், முடிந்தால் கவுன்சலர் முன்னால் திறங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, அந்த இடத்தின் பக்கமே போக முடியாதது, எதிலும் மனசு ஒட்டாதது எல்லாம் தொடர்ந்தால், அது டெஸ்ட் பயம் மட்டும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே 14416-ஐ அழையுங்கள்.

பாசிட்டிவ்னு வந்துட்டா?

பேசியே ஆக வேண்டிய கேள்வி. முதலில், ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து 'எச்.ஐ.வி பாசிட்டிவ்' என்று முடிவுசெய்ய மாட்டார்கள். அரசு மையங்களில் மூன்று வெவ்வேறு டெஸ்ட்களில் உறுதிசெய்த பிறகே சொல்வார்கள். உறுதியானாலும், கூட்டு மருந்து சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் இன்னொருவருக்குப் பரவாது. நீண்ட ஆயுள், வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் சாத்தியம். சிபிலிஸை பென்சிலின் குணப்படுத்தும். ஹெபடைடிஸ் சி-யையும் இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் குணப்படுத்திவிடுகிறார்கள். மோசமான ரிசல்ட்டுக்கும் மருந்து இருக்கிறது என்பதை, ரிசல்ட் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அரசிடம் கேட்க வேண்டியது

சட்டம் இருக்கிறது, வழிகாட்டுதல் 2014-லிருந்து இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இவை பாதிக்கப்பட்டவரின் கைக்கு வந்துசேர்வதில்தான் பிரச்னை. ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும் நள்ளிரவிலும் பெப் கிடைக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் 'ஜி.ஹெச்-சுக்குப் போங்க' என்று அனுப்பிவைப்பது குற்றம் என்பது ரிசப்ஷனில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே போகும்போது அந்தத் தேதிகள் எழுதிய ஒரு தமிழ்ச் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். ஆறாவது வாரம் 'வர்றீங்களாம்மா?' என்று ஒரு கவுன்சலர் போன் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த முறை ஒரு தீர்ப்பை ஷேர் செய்யும்போது, இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்.

இந்த எண்களை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். ஆனால் ஒரு ராத்திரி உங்கள் தோழியோ தம்பியோ உங்களைக் கூப்பிட்டால், 'எப்படி நடந்துச்சு, ஏன் அங்க போன?' என்று கேட்க வேண்டாம். 'எத்தனை மணி நேரம் ஆச்சு? நான் வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்' என்று சொல்லுங்கள்.

பெண்கள் உதவி மையம்: 181
குழந்தைகள் உதவி மையம்: 1098
எச்.ஐ.வி ஆலோசனை: 1097
தமிழ்நாடு மருத்துவ உதவி மற்றும் மனநல ஆலோசனை: 104
டெலி மானஸ் மனநல உதவி: 14416
அவசர உதவி: 112